ஐரோப்பாவில் துளிர், நாசிக்கில் அறுவடை... மார்ச் மாத ஒயின் சுற்றுலாவுக்குப் போறீங்களா? தெரிஞ்சுக்க வேண்டியவை

வசந்த காலம் வந்தாலே பிரான்ஸ், இத்தாலி திராட்சைத் தோட்டங்களின் படங்கள் சமூக வலைதளங்களில் வலம் வரத் தொடங்கிவிடும். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அங்கே போனால் ஒரு திராட்சைக் குலையைக்கூடப் பார்க்க முடியாது. கொடிகள் அப்போதுதான் துளிர் விட ஆரம்பித்திருக்கும். அதே மார்ச்சில் மகாராஷ்டிராவின் நாசிக்கில் அறுவடையே நடந்துகொண்டிருக்கும். ஏன் இந்த வித்தியாசம்? அங்கே என்ன பார்க்கலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

நாசிக்கில் ஏன் இப்போது அறுவடை?

ஐரோப்பாவில் கடும் குளிரில் கொடி உறங்கிவிடும். வசந்தத்தில் துளிர்த்து, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவடைக்கு வரும். நம்ம ஊர் வெப்பத்தில் கொடி அப்படி உறங்குவதில்லை. அதனால் விவசாயிகள்தான் கவாத்து செய்து அதன் பருவத்தை மாற்றுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து. கொடி வலுப்பெற இது உதவும். செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து; காய் பிடிக்க இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் பருவமழையில் பழம் அழுகிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் குளிர்ந்த இரவுகளில் பழம் முற்றி, ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கப்படுகிறது. ஆக, தோட்டத்தையும் ஆலையையும் ஒரே நேரத்தில் இயக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் சரியான சமயம். ஏப்ரலில் போனால் கவாத்து செய்த வெறும் கொடிதான் இருக்கும்.

எங்கே போகலாம்?

நாசிக் நகருக்கு வெளியே கங்காபூர் அணைப் பகுதியில் சூலா, யார்க், சோமா ஆகியவை அருகருகே உள்ளன. இகத்புரி பக்கம் குரோவர் ஜாம்பா, வலோனே, திண்டோரியில் ஷாண்டோன். இதில் சூலாவின் கதை முக்கியமானது. அமெரிக்காவில் ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சாமந்த் 1990-களில் தொடங்கிய இந்த நிறுவனம், 2022 டிசம்பரில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

மும்பையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 170 கி.மீ. வார இறுதியில் கூட்டம் அதிகம் என்பதால் வார நாட்களில் முன்பதிவு செய்து போவது நல்லது.

உள்ளே என்ன நடக்கும்?

முதலில் தோட்டம், பிறகு பழம் நசுக்கும் இடம், நொதிக்க வைக்கும் எஃகுத் தொட்டிகள், மரப் பீப்பாய்கள் எனச் சுற்றிக் காட்டுவார்கள். தோலோடு சேர்த்து நொதிக்க வைத்தால் சிவப்பு ஒயின். சாற்றை மட்டும் பிரித்து நொதிக்க வைத்தால் வெள்ளை ஒயின். கடைசியில் சுவைத்துப் பார்க்கும் அமர்வு. கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் மட்டும் பருக வேண்டும். விழுங்காமல் துப்பிவிட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒயின் சுவைப்பில் அது வழக்கம்தான். முதல் முறை போகிறவர்கள் ஷெனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் போன்ற வெள்ளை ரகங்களில் தொடங்கி, பிறகு ஷிராஸ் போன்ற சிவப்பு ரகங்களுக்குப் போகலாம்.

விவசாயிக்கு என்ன லாபம்? என்ன ஆபத்து?

நாசிக்கில் விளையும் திராட்சையில் பெரும்பகுதி சாப்பிடும் ரகம்தான். ஒயினுக்குப் போவது சிறு பங்கே. ஒயின் ரகங்கள் சிறியவை, தோல் தடித்தவை, விதை உள்ளவை. சந்தையில் விலை போகவில்லை என்றால் கூடையில் வைத்து விற்க முடியாது. ஆலை வாங்கினால்தான் உண்டு. அதனால் ஆலைகளுடன் போடும் கொள்முதல் ஒப்பந்தமே விவசாயிக்குப் பாதுகாப்பு. அறுவடை நேரத்தில் பருவம் தவறி ஒரு மழையோ ஆலங்கட்டியோ விழுந்தால் ஆண்டு முழுக்கப் பட்ட பாடு வீண்.

2022 ஜனவரியில், சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, விவசாயிகளுக்கு உதவும் என்பதே அரசு சொன்ன காரணம். குடிப்பழக்கத்தை வளர்க்கும் என்று அண்ணா ஹசாரே உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

* மகாராஷ்டிராவில் ஒயின் அருந்தக் குறைந்தபட்ச வயது 21.
* குடியரசு தினம் போன்ற மதுவிலக்கு நாட்களில் சுவைக்கும் அமர்வு கிடையாது. தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
* வாகனம் ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆலைகள் ஊருக்கு வெளியே இருப்பதால், திரும்பி வர வாடகைக் கார் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.
* விமானத்தில் அனுமதித்துவிட்டார்கள் என்பதால் பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை. வெளிமாநில மதுவை உரிய அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்குப் பாயும்.

நம்ம கம்பம் திராட்சை?

தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாசிக் போல ஒரே பருவமில்லை. இங்கே ஆண்டு முழுக்க மாறி மாறி அறுவடை நடக்கும். மது வேண்டாம், தோட்டம் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் குழந்தைகளோடு போய்வர அருமையான இடம்.

'தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லது' என்பது உண்மையா?

அதை நம்பிக் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார அமைப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் ஆல்கஹாலும் இருக்கிறது. ஒயினுக்கு இதில் விலக்கில்லை. கர்ப்பிணிகளும், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களும், தொடர் மருந்து எடுப்பவர்களும் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.