ஆண்டுக்கு 1200 வராகன்

வெளிநாட்டு முதலீடு வாங்கிய இந்தியக் கம்பெனிகள் வருஷா வருஷம் ஜூலை 15க்குள் ரிசர்வ் வங்கிக்குக் கணக்கு கொடுக்கணும். அந்நிய முதலீடு எவ்வளவு, வெளிநாட்டுப் பாக்கி எவ்வளவு என்ற விவரம். நான் ஐடி துறையில் இருப்பதால், இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று சலித்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நம்ம செங்கல்பட்டின் கதையைச் சொல்லலாம்.

இந்தக் கடற்கரையில் அந்நியக் கம்பெனிகள் புதிதில்லை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், 1720களில் கோவளத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனி, வடக்கே சென்னையில் ஆங்கிலேயர். இங்கே கடை விரிக்க உள்ளூர் ஆட்சியாளரின் கவுல் வேண்டும். கவுல் என்றால் நிபந்தனைகளோடு கூடிய அனுமதிப் பத்திரம்.

ஆங்கிலேயர் 1639இல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி வாங்கினார்கள். 1672இல் கோல்கொண்டா அரசோடு ஒரு கணக்கு முடிவானது: சென்னைக்கு ஆண்டுக்கு 1200 வராகன். 1687இல் கோல்கொண்டாவை ஔரங்கசீப் பிடித்தார். பிறகு அந்தப் பணம் முகலாயருக்கும், அடுத்து ஆற்காட்டு நவாபுக்கும் உரியதானது. ஆட்சி மாறியது, தொகை மாறவில்லை.

கம்பெனியின் வியாபாரத்துக்கு முன்னால் 1200 வராகன் ரொம்பச் சின்னத் தொகை. ஆனால் அதைக் கட்டும் வரை, மண் யாருடையது என்பதில் சந்தேகம் கிடையாது. மேலே இருப்பவர் நினைத்தால் கழுத்தையும் நெரிக்கலாம். 1702இல் முகலாயத் தளபதி தாவுத் கான் சென்னையைச் சில மாதங்கள் முற்றுகையிட்டபோது, கம்பெனி பணம் கொடுத்துத்தான் மீண்டது.

திருப்பம் 1752இல். ஆற்காட்டுப் பதவிக்காகச் சந்தா சாகிபோடு மோதிய முகமது அலிக்குக் கம்பெனியின் படைதான் துணை. அதற்கான செலவு அவர் தலையில் கடனாக ஏறியது. அந்த ஆண்டு அவர் 1200 வராகனைத் தள்ளுபடி செய்தார். 80 வருட வழக்கம் முடிந்தது.

அடுத்த 11 ஆண்டுகளில் எல்லாம் தலைகீழ். 1763இல் செங்கல்பட்டுச் சீமையையே கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார் நவாப். கொடுத்த நிலத்தை அவரே திரும்பக் குத்தகைக்கு எடுத்துக் கம்பெனிக்குப் பணம் கட்டினார். வாடகை வாங்கியவர் வாடகைதாரர் ஆனார்!

1767இல் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரைக் கம்பெனி அனுப்பியது. சுமார் 2000 ஊர்களின் வீடு, ஏரி, நிலம், மானியம், விளைச்சல் என்று எல்லாம் பதிவானது. அதே விவரங்களை ஊர்க் கணக்கர்கள் ஓலையிலும் எழுதினார்கள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. 1780இல் ஹைதர் அலி படையெடுத்தபோது, குத்தகையை விலக்கிவிட்டுக் கம்பெனி நேரடி நிர்வாகத்தில் இறங்கியது.

கணக்கு கொடுத்த கம்பெனி, கணக்கு கேட்கும் கம்பெனி ஆனது. முதலில் போனது அந்தச் சின்னத் தொகை. கடன்பட்ட அரசால் அதைக்கூடக் கேட்க முடியவில்லை. ஜூலை படிவத்தை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்: கேட்கும் இடத்தில் அரசு இன்னும் இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி.