தொட்டறிந்த எழுத்தும் கேட்டறியும் திரையும்

மதீனத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பொறுப்பை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒருவர் பிலால் (ரலி). மற்றவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). பின்னவர் கண்பார்வை அற்றவர். நோன்பு வைப்போர் பிலாலின் பாங்கைக் கேட்டும் உண்ணலாம். இப்னு உம்மி மக்தூமின் பாங்கைக் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. வைகறை வெளுத்ததை அறிந்து சொல்லும் அந்த நுட்பமான பணி, வெளிச்சத்தையே காண இயலாத ஒருவரிடம் தரப்பட்டிருந்தது. அவர் அதனை எவ்வாறு நிறைவேற்றினார் என்பதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. விடிந்துவிட்டது என்று அருகிலிருப்போர் சொல்லும் வரை அவர் பாங்கு சொல்வதில்லை.

இச்செய்தியை நாம் பெரும்பாலும் நோன்பின் சட்டம் பேசுகையிலேயே எடுத்தாளுகிறோம். இதனுள் இன்னொரு பாடமும் இருக்கிறது. பார்வையற்றவரைப் பணியிலிருந்து விலக்கி வைக்காமல், அப்பணிக்குத் தேவையான தகவலை அவர் அறியும் வடிவில் கொண்டுசேர்க்கும் கடமையைச் சுற்றியிருந்த சமூகம் ஏற்றுக்கொண்டது. குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் இதே தோழர் குறுக்கிட்டபோது முகம் சுளித்ததற்காக நபியவர்களையே இறைவன் கண்டித்துணர்த்திய ‘அபஸ’ அத்தியாயத்தை நாம் அறிவோம். பின்னர் நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் தமது பொறுப்பைப் பலமுறை இவரிடம் விட்டுச் சென்றார்கள். இன்று கணினித் துறையில் ‘அணுகல்தன்மை’ என்று வழங்கும் கருத்தின் வேர் இத்தகைய ஏற்பாடுகளிலேயே இருக்கிறது எனலாம்.

சமூகம் ஏற்ற கடமையை அடுத்து அரசும் ஏற்றது. உமய்யாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715) பார்வையற்றோருக்கு வழிகாட்டிகளையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளர்களையும் அமர்த்தி, உதவித்தொகையும் வழங்கி, அவர்கள் பிறரிடம் கையேந்தாதவாறு செய்ததாக வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார்.

மூன்றாவது படி, பார்வையற்றோர் தாமே கருவி கண்டதாகும். பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் ஸஃபதீ (1297–1363), பார்வையற்ற பெருமக்களின் வரலாற்றைத் தொகுத்து ‘நக்துல் ஹிம்யான்’ என்னும் தனிநூலே எழுதினார். அதில் இடம்பெறுபவருள் ஒருவர் ஹன்பலி அறிஞர் ஸைனுத்தீன் ஆமிதீ. பக்தாதில் வாழ்ந்த இவர் நூல் வணிகமும் செய்துவந்தார். நூலொன்றை வாங்கியதும் மெல்லிய தாளைத் திரியாகத் திரித்து, விலையைக் குறிக்கும் எழுத்துகளாக வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, மேலே ஒரு தாளால் மூடிவிடுவார். அபஜத் முறையில் ஒவ்வொரு அரபு எழுத்துக்கும் எண் மதிப்பு உண்டல்லவா? பின்னாளில் விலை மறந்துபோனால் விரலால் தடவி அறிந்துகொள்வார். பிரான்சில் லூயி பிரெய்ல் (1809–1852) தமது புள்ளி எழுத்தை 1829இல் நூலாக வெளியிடுவதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. ஆமிதீயின் முறை அவருடைய புத்தக அலமாரியைத் தாண்டிப் பரவவில்லை. தனியொருவரின் கண்டுபிடிப்பு ஊருக்குப் பயன்பட வேண்டுமானால் அது பொதுமுறையாக ஏற்கப்பட வேண்டும். பிரெய்ல் முறைக்கு அந்த ஏற்பு கிடைத்தது. அதுவும் அவர் மறைந்த பிறகே, 1854இல், பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் முறையாகக் கிடைத்தது.

நம் நாட்டில் அந்தப் பொது ஏற்பு 1951இல் நிகழ்ந்தது. அதற்கு முன்னர் இந்திய மொழிகளுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத பல பிரெய்ல் முறைகள் வழங்கிவந்தன. யுனெஸ்கோ நிறுவனம் 1950இல் பாரிசிலும், 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டிலும் மாநாடுகளைக் கூட்டி, ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளின் பிரெய்ல் முறைகளை ஒழுங்குபடுத்த முனைந்தது. இப்பணியை முன்னின்று நடத்திய நியூசிலாந்தின் கிளூதா மெக்கென்ஸி, 1915இல் கலிப்போலிப் போர்முனையில் உதுமானியப் படைகளை எதிர்த்துப் போரிட்டுக் கண்பார்வை இழந்தவர். அம்மாநாடுகளின் விளைவாக இந்திய மொழிகளுக்குப் பாரதி பிரெய்லும், அரபு மொழிக்கு ஒருமித்த பிரெய்ல் முறையும் நிலைபெற்றன.

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இங்கே நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரு முறைகளும் ஒலிக்கு ஒலி என்ற அடிப்படையில் அமைந்தமையால், தமிழின் க, த, ர, ல, ம ஆகிய எழுத்துகளுக்கும் அரபியின் காஃப், தா, ரா, லாம், மீம் ஆகியவற்றுக்கும் முறையே ஒரே புள்ளிவடிவங்களே அமைந்துள்ளன. அச்சில் வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு, பிரெய்லில் தமிழைப் போலவே இடமிருந்து வலமாகச் செல்கிறது. இந்த உறவு நமக்குப் புதிதன்று. தமிழ் எழுத்தறியாது, ஓதப் பழகிய அரபு எழுத்தை மட்டும் அறிந்திருந்த பெண்களுக்கும் எளியோருக்கும் மார்க்கச் சட்டங்களைக் கொண்டுசேர்க்க, நம் முன்னோர் தமிழை அரபு வரிவடிவில் எழுதினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்களை அரபுத்தமிழில் இயற்றியதன் நோக்கமும் அதுவே. வாசகர் எழுத்தை நோக்கி வரட்டும் என்று காத்திராமல், வாசகர் அறிந்த எழுத்தை நோக்கி நூல் சென்றது. பிரெய்ல் செய்வதும் இதுவேயாகும்.

வட ஆர்க்காட்டுப் பகுதிக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. ஜவ்வாது மலையடிவாரத்துப் போளூரிலிருந்து விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதை வழியே வடக்கே சென்றால், முடிவில் வருவது காட்பாடி. தொழுநோயிலிருந்து குணமடைந்தோருக்காக 1960களில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் அங்கே தொடங்கப்பட்ட பணிமனை, இன்று ‘வொர்த் டிரஸ்ட்’ என்ற பெயரில் இயங்குகிறது. அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951இல் உற்பத்திக்கு வந்த பிரெய்ல் தட்டச்சுப்பொறி இங்கே உருவாக்கப்பட்டுள்ளது. உலகம் ஒதுக்கிவைத்த ஒரு சாரார், உலகத்தின் எழுத்தை எட்ட இயலாத இன்னொரு சாராருக்கு எழுதும் கருவி செய்து தந்தனர்.

கணினி வந்தபோது பிரெய்ல் காலத்துச் சிக்கல் வேறு உருவில் திரும்பியது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான்கள் எண்பதுகளின் இறுதியிலேயே ஆங்கிலத்துக்குக் கிட்டிவிட்டன. தமிழுக்கு அவை பயன்படாமற் போனதற்குக் காரணம் நம் எழுத்துருக்களே. ஒவ்வோர் இதழும் நிறுவனமும் தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. கணினியின் நினைவில் இருந்தது ஆங்கில எழுத்தின் குறியீடு. அதன்மேல் தமிழ் எழுத்தின் உருவம் போர்த்தப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்த பக்கம், திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே இருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை ஏற்றும் குழப்பம் முற்றிலும் தீரவில்லை. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு என்னும் ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. பிரெய்லுக்கு 1951 எதுவோ, கணினித் தமிழுக்கு ஒருங்குறி அது.

பொதுமுறை அமைந்ததும் கருவிகள் பெருகின. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆமிதீ, பிரெய்ல், மெக்கென்ஸி, கரன் ஆகிய நால்வரும் பார்வையற்றோர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர், அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருளையும், எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளையும் உருவாக்கினர். முன்னதைக் கொண்டு தமிழ் நூல்களைப் பிரெய்லுக்கு மாற்றிய அமைப்புகளுள் மேற்கூறிய வொர்த் டிரஸ்டும் ஒன்று.

சட்டமும் தொடர்ந்து வந்தது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அதே நோக்கங்கொண்ட 2013ஆம் ஆண்டின் மராக்கெஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணுத் தகவல் யாவும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்றது. ஆயினும் வங்கிக் கணக்குத் தொடங்கும் பயன்பாடுகள், விண்ணப்பிப்பவர் உயிருள்ளவர்தாம் என்று காட்டக் கண்ணைச் சிமிட்டுமாறு கேட்டுக்கொண்டிருந்தன. அமில வீச்சில் இமைகளையே இழந்தவர்கள் என்ன செய்வர்? அத்தகையோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணு அணுகல், உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி எனத் தீர்ப்பளித்தது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். அவர்களுள் நம் மஹல்லாக்களைச் சேர்ந்தோரும் உளர். நாம் அவர்களுக்கு எதை எழுதி வைத்திருக்கிறோம்? நம் பழைய இலக்கியங்களையும் இதழ்களையும் மின்னாக்கம் செய்ததாக மகிழும் இடங்களில் பெரும்பாலும் பக்கங்களின் நிழற்படமே இருக்கிறது. தொழுகை நேர அட்டவணையும், ஜமாஅத்தின் அறிவிப்பும், ஜகாத் விண்ணப்பமும் படமாகவே பகிரப்படுகின்றன. படத்தின் முன் திரைவாசிப்பான் மௌனமாகிவிடுகிறது. போளூர் போன்ற சிற்றூரில் கைப்பேசியுடன் அமர்ந்திருக்கும் பார்வையற்ற மாணவரை அந்த மௌனம் பள்ளிவாசலின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. காது கேளாதோருக்கோ, எழுத்துவரி சேர்க்கப்படாத நம் ஜும்ஆ உரைப் பதிவுகள் இதே போன்ற மௌனமே.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அறிவிப்பைப் படமாக அனுப்புகையில் அதன் வாசகத்தை ஒருங்குறியில் உடன் தட்டச்சு செய்தல், மின்னாக்க நூலுக்கு எழுத்துணரியால் உரைவடிவம் எடுத்துப் பிழைதிருத்தி இணைத்தல், படங்களுக்கு ஒருவரி விளக்கம் தருதல், உரைப்பதிவுக்கு எழுத்துவரி சேர்த்தல் ஆகியவை ஒரு மதரசாவின் மாணவர்களே செய்யத்தக்கவை. அரபுத்தமிழ் நூல்களுக்கு இது இன்னும் அவசரமானது. படிக்க இயலாதோருக்காகவே எழுதப்பட்ட நூல்கள், படிக்க இயலாத படங்களாக முடிந்துவிடுதல் முறையாகாது.

விடிந்ததைச் சொல்ல மதீனாவில் ஆட்கள் இருந்தார்கள். எனவே பாங்கு உரிய வேளையில் ஒலித்தது. அவ்வாறு சொல்லும் பொறுப்பு இன்று எழுதுவோர், பதிப்போர், பள்ளிவாசல் நிர்வாகிகள் அனைவரிடமும் இருக்கிறது.