மூலம் ஒன்று, உரை இரண்டு: பேராசிரியர் கீட்டும் தென்னாபிரிக்க விவிலிய விளக்கமும்

நூலின் மூலம் மாறாதிருக்க, உரை வேறுபடுதல் தமிழுலகம் நன்கறிந்ததொன்றாகும். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பது மரபு. ஆயின், ஒரு நாட்டின் சட்டமும் மக்களின் வாழ்வும் ஓர் உரையைச் சார்ந்து நிற்குமாயின், உரைவேற்றுமை புலவர் பூசலாக மட்டும் அமையாது. இருபதாம் நூற்றாண்டுத் தென்னாபிரிக்கா இதற்குத் தக்க சான்றாகும்.

1829 ஆம் ஆண்டில் அந்நாட்டு ஒல்லாந்த சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை, நிறவேற்றுமையின்றி யாவரும் ஒரே திருவிருந்திற் பங்குகொள்ள வேண்டுமென விதித்தது. 1857 இல், சிலரது பலவீனத்தை முன்னிட்டு, வெள்ளையரல்லாதார் தனித்து வழிபட இணங்கிற்று. 1881 இல் கலப்பினத்தார்க்கெனத் தனிச்சபையே அமைந்தது. பலவீனத்துக்கு அளித்த சலுகை இவ்வாறு வழக்கமாயிற்று. வழக்கம் பின்னர் வேதவிதியாகவும் கொள்ளப்பட்டது.

1944 இல் புளும்பொன்டீன் மாநாட்டில், தொத்தியுஸ் எனும் புனைபெயர் கொண்ட கவிஞரும் இறையியலறிஞருமான டு டொயிற், இனப்பிரிவினைக்கு வேதாதாரம் காட்டினார். பாபேற் கோபுரத்தில் மொழிகளைப் பிரித்தவர் இறைவனே. ஆதலின் அவர் பிரித்தவற்றை மனிதர் ஒன்றாக்கலாகாது என்பது அவர் வாதம். 1948 இல் ஆட்சியேறிய தேசியக் கட்சியின் கொள்கைக்கு இவ்வுரை அரணாயிற்று.

இதனை மறுத்தெழுந்தவர் ஸ்டெல்லன்பொஷ் இறையியற் பேராசிரியர் பீ. பீ. கீட் (1885–1974) ஆவர். 1933 இல் வெளிவந்த ஆபிரிக்கான்ஸ் விவிலிய மொழிபெயர்ப்பில் தொத்தியுசும் கீட்டும் உடனுழைத்தவர்கள் என்பது கருதத்தக்கது. மூலத்தின் சொல்லிலே இருவர்க்கும் பிணக்கில்லை, பொருள்கோளிலேதான் பிணக்கு.

பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலர் தனித்து நின்றது சமயத் தூய்மை கருதியேயன்றி இனத்தூய்மை கருதியன்று எனக் கீட் காட்டினார். மோவாபியப் பெண்ணாகிய ரூத் அச்சமூகத்தில் ஏற்கப்பட்டமை இதனை வலியுறுத்தும். அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்திலிருந்து இனங்களின் எல்லைகளைக் குறிக்கும் தொடரைப் பிரிவினையாளர் எடுத்தாண்டனர். அதே வசனம் மானிடர் யாவரும் ஒரே மூலத்தினின்று தோன்றினர் என்று தொடங்குவதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. தொடரை இடத்தினின்றும் பெயர்த்துத் தாம் முன்னரே கொண்ட கருத்துக்குக் கருவியாக்குதல் உரையாகாது.

1955 இல் தென்னாபிரிக்கா எங்கே செல்கின்றது என வினவும் நூலைக் கீட் வெளியிட்டார். 1960 இல் வேறு அறிஞரும் அவருடன் சேர்ந்து எழுதினர். திருச்சபைத் தலைமை செவிசாய்க்கவில்லை. அவர் மறைந்த 1974 இலும் அதன் பேரவை இனவாரியான தனிவளர்ச்சிக்கு வேதச்சான்று கூறும் அறிக்கையை ஏற்றது.

எனினும் வித்து வீணாகவில்லை. கீட்டின் மாணவரான பேயர்ஸ் நோடே 1963 இல் கிறிஸ்தவ நிறுவகத்தை அமைத்தார். 1977 இல் அந்நிறுவகமும் அவரும் அரசின் தடைக்குள்ளாயினர். 1982 இல் ஒட்டாவாவிற் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டணி, இனவொதுக்கலுக்கு இறையியல் நியாயம் கூறுவது சமயப்புரட்டு எனத் தீர்மானித்தது. 1986 இல் ஒல்லாந்த சீர்திருத்தத் திருச்சபையும் இனவொதுக்கலுக்கு வேதத்தில் ஆதாரமில்லையென ஒப்புக்கொண்டது. 1994 இல் யாவரும் வாக்களித்த தேர்தல் நிகழ்ந்தது.

அரசியற் போராட்டமும் மக்களின் தியாகமுமே அம்மாற்றத்துக்குத் தலையாய காரணங்களாம். ஆயினும் அநீதி வேதத்தின் பெயரால் நிலைபெறும்போது, அவ்வேதத்தைக் கொண்டே அதனை மறுக்கும் புலமையும் வேண்டப்படும். தன்னினத்தார்க்கு உவப்பான உரையினும் மூலத்துக்கு உண்மையான உரையே பெரிதெனக் கொண்டமை கீட்டின் பெருமையாகும்.