இரணைமடுவும் கிளிநொச்சி நகரமைப்பும்

கிளிநொச்சியின் வரலாறு இரணைமடுக் குளத்தோடு பிணைந்தது. கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கப்பெற்ற குளவேலை 1920 இல் நிறைவெய்தியது. 1936 இல் குடியேற்றம் ஏற்பட்டது. வயல்களை அடுத்து நகர் வளர்ந்தது. ஆயின் அக்குடியிருப்புகள் பலவும் குளத்து நீர் வடக்கே பாயும் தாழ்நிலத்தில் அமைந்தன. 2018 டிசெம்பர்ப் பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளைப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது.

இத்தகைய இடத்திலேயே கணினிக் கணிப்பின் பயன் புலனாகும். மழையளவு, நிலவுயரம், ஆற்றின் கொள்ளளவு ஆகியவற்றைக் கொண்டு, எவ்வளவு மழைக்கு நீர் எவ்விடம்வரை பரவும் என்பதை அது முன்னரே வரைபடமாக்கித் தரும். வீடமைக்கத் தகாத நிலம் எது, வயலாகவே விடத்தக்கது எது என்பன அதனால் தெளிவாகும். அவ்வரைபடம் கட்டட அனுமதியை நெறிப்படுத்தாவிடின் பயனில்லை. நீரால் தோன்றிய நகர் நீருக்குரிய வழியை விட்டே வளர்தல் வேண்டும்.