உறைவெட்டு

ஆபரேஷன் தியேட்டரில் ‘ஃப்ரோசன்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். முழுப்பெயர் ஃப்ரோசன் செக்‌ஷன். செக்‌ஷனுக்கு வேர், வெட்டுதல் எனும் பொருளுடைய லத்தீன் ‘செகாரே’. ஆகவே உறைவெட்டு என்பது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லூயிஸ் வில்சன், உறைய வைத்துச் சீவிய திசுவுக்கு மெத்திலீன் நீலச் சாயமேற்றி, நோயாளி மேசையில் இருக்கும்போதே புற்றா இல்லையா என்று முடிவு சொல்லும் முறையை 1905இல் வெளியிட்டார்.

‘உறை’ நம் அடுக்களைச் சொல். பால் உறைகிறது, நெய் உறைகிறது. கொழுப்பு மிகுந்த மார்பகத் திசுவிலோ சிக்கலே இந்த உறைதலில்தான். மைனஸ் 20 டிகிரியில் மற்றத் திசு இறுகிவிடும்; கொழுப்பு மட்டும் இளகியே நிற்கும். சில மைக்ரான் தடிமனுக்குச் சீவும்போது கத்தியில் இழுபட்டு, கண்ணாடித் தகட்டில் ஓட்டை ஓட்டையாக விழும். அதனால் ‘புற்று’ என்று வரும் விடையைப் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்பதை, பின்னர் மெழுகில் பதித்துச் சீவிய துண்டைப் பார்க்கும்வரை முடிவாகக் கொள்ளக் கூடாது. மிகச் சிறிய கட்டியை உறைய வைக்கவே வேண்டாம் என்பேன். மெழுகுப் பரிசோதனைக்கும் அந்தத் துணுக்குதானே வேண்டும்!