காலணி எண் 42: ஒரு சிறு வரலாறு

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: "ஐயா, ஓட்டக் காலணி வாங்கினேன். உள்ளே 8 என்றும் 42 என்றும் இரண்டு எண் போட்டிருக்கிறான். இதில் எது என் கால்?"

இரண்டுமே அவர் கால் அல்ல. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் புதுச்சேரியில் காலணிக்குத் தனி மரியாதை உண்டு. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி ஏற்கவில்லை. பிள்ளை விடவில்லை, பாரிசிலுள்ள உயர்ந்த நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். காலணி அணியும் உரிமையை அவர் வாங்கித் தந்துவிட்டார். பொருத்தமானதைப் பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

இப்போது எண்ணுக்கு வருவோம். பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குக் காலணி அளவு என்றால் 'புவேந்த்யூர்'. அதன் அலகு 'பாரிஸ் புள்ளி'. ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 42 என்பது 28 செ.மீ.

ஆங்கிலேயர் கணக்கு வேறு. மூன்று வாற்கோதுமை மணி ஓர் அங்குலம் என்பது அவர்களுடைய பழைய வழக்கம். அதனால் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஒரு மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு அங்குலத்தில் தொடங்கி, குழந்தைகளுக்கு 13 வரை எண்ணி, பெரியவர்களுக்கு மறுபடி 1 என்று ஆரம்பிப்பார்கள். பெரியவர் 8 என்றால் 4 அங்குலத்தோடு 21 மணிகள் சேர்ந்து 11 அங்குலம். ஏறக்குறைய 28 செ.மீ. இரண்டு நாட்டுக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன!

ஆனால் அந்த 28 செ.மீ. காலணி தைக்கும் அச்சுக்கட்டையின் நீளம். விரல்கள் அசைய இடம் வேண்டும் என்பதால் கட்டை பாதத்தைவிட நீளமாகவே இருக்கும். அதை எவ்வளவு நீளமாக வைப்பது என்பது அந்தந்தக் கம்பெனியின் விருப்பம். ஒரு கம்பெனியின் 8 சரியாக இருக்க, இன்னொன்றின் 8 கடிப்பது இதனால்தான்.

அகலமோ அந்த எண்ணில் அடியோடு இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் பிரானக் என்பவர் 1920களில் ஒரு அளவுகோல் செய்தார். பாத நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தூரம் மூன்றையும் அது காட்டும். நம் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அண்மையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதம் பொதுவாக அகலம் என்று கண்டு, 'பா' என்ற இந்திய அளவுமுறையை முன்வைத்திருக்கிறது. இத்தனை காலம் கடைக்காரர் "போட்டால் விட்டுக் கொடுக்கும் சார்" என்று சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறது.

ஓட்டக் காலணி முதலில் பந்தயக்காரர்களுக்காகவே வந்தது. அடியில் ஆணிகள் இருக்கும். நம்மைப் போன்றவர்கள் அதை அணிவதற்குப் பின்னணி நியூசிலாந்து. 1962இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே போனபோது, ஆர்தர் லிடியார்டின் மெல்லோட்டக் குழுவில் எழுபதைக் கடந்த ஒருவர் அவரை முந்திச் சென்றாராம். பவர்மன் ஊர் திரும்பி முதியவர்களையும் ஓட வைத்தார், மெல்லோட்டம் பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு மனைவியின் வாஃபிள் சுடும் அச்சில் ரப்பரை ஊற்றி, கட்டம் கட்டமான புதிய அடித்தளம் கண்டார்.

சரி, கடையில் என்ன செய்வது? மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். வழக்கமான காலுறையோடு, நின்றபடி இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். பெரிய காலுக்கு வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். குதிகால் வழுக்கக் கூடாது. பாதம் மடங்கும் இடத்தில்தான் காலணியும் மடங்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அழுத்துவது தெரியாமலே புண்ணாகிவிடும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதத்தைப் பாருங்கள்.

விலை விஷயம். கார்பன் தகடு வைத்த மிக விலையுயர்ந்தவை பந்தயம் ஓடுபவர்களுக்கு, நமக்கு வேண்டாம். ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும் என்பது பொதுக் கணக்கு. தினம் 4 கி.மீ. போனால் 800 கி.மீ.க்கு 200 நாள். 4,000 ரூபாய்க் காலணிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் ஆகிறது. பாதி விலையில் வாங்கியது கடித்து, பரணில் கிடந்தால் அதுதான் நஷ்டம்.