ஏரி வாரியமும் நீர்க்கட்டியும்

மூன்று மாதங்களில் பெய்து தீரும் மழையைக் கொண்டு பன்னிரண்டு மாதங்களும் உயிர் வாழ வேண்டிய நிலம் தொண்டை மண்டலம். காவிரி போன்ற பேராறு இங்கு இல்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறு. அரசர் மாறினர், எல்லைகள் மாறின, பஞ்சங்கள் வந்து போயின. இருப்பினும் இச்சிற்றூர்கள் அழியாது நின்றன. அதற்குரிய காரணத்தை அரண்மனைகளில் தேடுவதைக் காட்டிலும் ஏரிக்கரைகளில் தேடுவதே பொருத்தம்.

ஏரி என்பது வெறும் பள்ளமன்று. சரிவான நிலத்தின் குறுக்கே கரை எழுப்பி, வரத்துக் கால்களால் மழைநீரைச் சேர்த்து, மதகின் வழியே வயலுக்கு விடுவது. மிகுந்த நீர் கலிங்கின் வழியாக வழிந்து, அடுத்த ஊர் ஏரியைச் சென்றடையும். மேலூரின் மிச்சமே கீழூரின் முதல். ஆகவே ஓரூர் தன் கலிங்கை அடாது உயர்த்தினால் கீழூர் காய்ந்தது; கரையைப் பேணாது விட்டால் உடைந்த வெள்ளத்தில் கீழூரும் அழிந்தது. தன்னிறைவு பெற்ற தனித்தீவுகளாக நம் பழைய ஊர்களைச் சித்திரிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஏரிச் சங்கிலியைக் கண்டவர் அவ்வாறு எழுதார்.

புலவர்களும் இதனை அறிந்திருந்தனர். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு அறிவுரை கூறியது புறநானூற்றின் 18ஆம் பாடல் என்பது நம் கவிஞர்களுக்குத் தெரிந்ததே. சிறுபஞ்சமூலம் இயற்றிய காரியாசான் இன்னும் நுணுக்கமானவர். குளம் வெட்டுதல், மரக்கிளை நட்டு வளர்த்தல், வழி அமைத்தல், தரிசை உழுவயல் ஆக்குதல், கிணறு தோண்டுதல் என ஐந்தையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறார். குளம் ஒன்று மட்டும் போதாது என்ற பட்டறிவு அதில் உண்டு.

வெட்டுவது ஒரு முறை, பேணுவது ஆண்டுதோறும். இங்கேதான் உத்தரமேரூர் நமக்கு வேண்டியதாகிறது. முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 921இல், அவ்வூர்ச் சபை வகுத்த குடவோலை முறையைத் தேர்தல் வரலாறாக மட்டுமே நாம் பேசிப் பழகிவிட்டோம். முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தெரிந்தவர்களில் பன்னிருவர் ஆட்டை வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாட்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவர் உறவினரும் குடவோலைக்கு ஆகார். ஏரிக்கென்றே ஆறு பேர் ஆண்டு முழுதும் பொறுப்பேற்றனர் என்பதை நாம் போதிய அளவு வியந்ததில்லை. ஏரியைப் பேண ஏரிப்பட்டி என்ற நிலமும், ஏரி ஆயம் என்ற வரியும் பல ஊர்களில் இருந்தன. பொன்னோ நெல்லோ முதலாக வைத்து, அதன் பொலிசையைக் கொண்டு ஏரிக்குள் ஓடம் செலுத்தி மண் அள்ளியதையும் கல்வெட்டுகள் கூறும். அள்ளிய வண்டல் வயலுக்கு எருவாயிற்று.

இப்பெருமையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வாரியத்திற்கு வர, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். பெண்டிர்க்கும் உழைப்பாளர்க்கும் அதில் இடமில்லை. மதகைத் திறந்தும் அடைத்தும், வயல்தோறும் நீர் பாய்ச்சியும், மழை இரவில் கரையைக் காத்தும் நின்றவர் நீர்க்கட்டி. பிற்காலத்தில் பல ஊர்களில் இப்பணி தாழ்த்தப்பட்ட குடியினர்க்கே உரியதாக இருந்தது. நிலமில்லாதவர் ஆதலின் ஒருவயலுக்கும் ஓரம் சாயார் என்பது ஊர் சொன்ன நியாயம். நீரை நம்பி ஒப்படைத்தவர்கள் நிலத்தைத் தர மறுத்தனர்! ஊரின் உறுதிக்கு அவர் கொடுத்த விலையை எந்தச் சாசனமும் கணக்கிடவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வமைப்புக் குலைந்தது. 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுப் பகுதியில் பார்னார்டு நடத்திய அளவாய்வு, விளைச்சலில் ஊர்ப் பணிகளுக்கெனப் பிரித்து வைத்த பங்குகளைப் பதிவு செய்தது. அப்பங்குகள் பின்னர் படிப்படியாக அரசு வருவாயுள் அடங்கின. பணம் போயிற்று, கடமை மட்டும் ஊரின் தலையில் நின்றது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அக்கடமையைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாக்கியது. குடிமராமத்து என்ற இனிய சொல்லின் பின்னே இக்கசப்பும் இருக்கிறது. மன்னர் காலத்திலும் அது முற்றிலும் விருப்ப உழைப்பு என்று நம்ப இடமில்லை.

விடுதலைக்குப் பின் வந்த மின் இறைவை, ஏரியை மறக்கச் செய்தது. கிணறு உடையவர்க்கு மதகின் கவலை இல்லை. அவரே ஊரில் செல்வாக்குள்ளவரும் ஆவார். அவர் கூட்டத்திற்கு வராத ஊரில் வரத்துக் கால் தூர்ந்தது.

மீட்கும் முயற்சிகள் நிகழாமல் இல்லை. 2000இல் பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்வதற்கான சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. 2017இல் குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே அரசுத் திட்டம் ஒன்று தொடங்கிற்று; செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் ஏற்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 921இல் கால் வேலி கேட்டார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் வாக்கு அளித்ததும் ஆயக்கட்டில் நிலம் உடையவர்க்கே. நீர்க்கட்டி இரு காலத்திலும் கரையில்தான் நின்றார்.